ஓதலும் வாசித்தலும்: திண்டுக்கல் சமவெளியில் ஆங்கிலப் படிப்பு நடந்த தடம்

திண்டுக்கல் பேகம்பூரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். பிளஸ் டூ தேர்வில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த மாணவி ஒருவர், கல்வி உதவித்தொகை பற்றிய ஓர் ஆங்கில அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, தம் அத்தாவுடன் நம்மிடம் வந்தார். விண்ணப்பிக்க இரண்டு நாளே எஞ்சியிருந்தது. "முதலில் நீயே ஒரு தடவை வாசித்துக் காட்டம்மா" என்றோம். கடைசி வரிவரை தடங்கலின்றி, ஒலிப் பிசகு அதிகமின்றி, உரக்க வாசித்தார். "சரி, என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டோம். அவர் அத்தாவைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்து, "இது எங்களுக்கு நடத்தலையே, ஹஸ்ரத்" என்றார்.

அந்த விடை நம்மை நெடுநாள் விட்டுவைக்கவில்லை. அவர் சோம்பேறி அல்லர், மந்தமானவரும் அல்லர். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தவர். அப்படியிருந்தும், தமக்கு யாரும் 'நடத்தாத' ஓர் ஆங்கிலப் பக்கத்தைத் தாமே பொருள்கொள்ள இயலும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. இந்த நிலை ஒரு பள்ளியின் குறையன்று, ஓர் ஆசிரியரின் குறையுமன்று. இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைக் கிடைத்த அளவில் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் வேறுபாடு. நம் வீடுகளில் 'ஓதுதல்' என்பது ஒன்று, 'வாசித்தல்' என்பது வேறொன்று. மக்தபில் குழந்தை ஜபர், ஜேர், பேஷ் கற்று எழுத்துக் கூட்டி ஓதுகிறது. அங்கே ஒலி திருந்துவதே முதற்பணி. பொருள் பின்னால் வரும். அதே குழந்தை வளர்ந்து அரபுக் கல்லூரிக்கு வந்து, ஜபரும் ஜேரும் இடப்படாத கிதாபை விரிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று விளங்காமல் ஒரு சொல்லின் ஈற்றைக்கூட உச்சரிக்க முடியாது. பொருள் விளங்கினால்தான் வாய் திறக்கலாம். தமிழெழுத்தோ இதற்கு எதிர்ப்புறம் நிற்பது. எழுத்துத் தெரிந்தவன் தனக்கு எள்ளளவும் விளங்காத மருத்துவ நூலைக்கூடத் தமிழில் கணீரென்று வாசித்துவிடலாம்.

ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் இடையில் கிடந்து மாணவனை ஏமாற்றுகிறது. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லில் 'தோ' என்றும், மற்றொன்றில் 'த்ரூ' என்றும், வேறொன்றில் 'டஃப்' என்றும் ஒலிக்கின்றன. ஆகவே ஒலியைப் பழக்குவதிலேயே ஆசிரியரின் உழைப்பு பெரிதும் செலவாகிவிடுகிறது. ஒலி வந்ததும் வாசிப்பு வந்துவிட்டதாக ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே நம்பிவிடுகிறார்கள். பேகம்பூர் மாணவி அன்று செய்தது, நுட்பமாகச் சொன்னால், ஆங்கிலத்தை ஓதியதே.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பவ்ஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரையே பேகம்பூர் இன்றும் தாங்கி நிற்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியாரின் கைக்கு மாறிற்று. சென்னை மாகாணத்தில் கும்பினிக்கு முதலில் கிடைத்த நிலப்பகுதிகளுள் இச்சீமையும் ஒன்று. ஆயினும் ஆட்சி மாறிய கையோடு ஆங்கிலப் படிப்பு வந்துவிடவில்லை. கணக்கும் கடிதமும் பாரசீகத்திலும் மராட்டியத்திலும் தமிழிலுமாக நெடுநாள் நடந்தன.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஒவ்வொரு கலெக்டர் எல்லையிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய பள்ளிகள், அவற்றின் கீழ்த் தாசில்தார் எல்லைதோறும் சிறு பள்ளிகள் என்று அவர் ஒரு திட்டம் வகுத்தார். மறு ஆண்டே அவர் மாண்டார், திட்டமும் வேர்பிடிக்கவில்லை. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் பெண்டிங்கின் ஆணையும் காற்றை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பின. 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்து வந்தவை யாவரும் அறிந்தவை.

நம் பொருளுக்கு இவற்றைவிட முக்கியமானது அதிகம் பேசப்படாத ஒரு நிர்வாக ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கு மானியம், மாணவர் தேறும் அளவைப் பார்த்து வழங்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், பையன் எழுந்து நிற்பான், ரீடரில் குறித்த பக்கத்தை உரக்க வாசிப்பான், தப்பின்றி வாசித்தால் பள்ளிக்குப் பணம். ஒருவன் மனத்துக்குள் என்ன விளங்கிக்கொண்டான் என்பதை ஒரு காலைப்பொழுதில் நூறு பையன்களிடம் சோதிக்க முடியாது. அவன் வாயிலிருந்து வரும் ஒலியைச் சோதிக்கலாம். ஆசிரியரின் வயிற்றுப்பாடு ஒலியில் கட்டப்பட்டபின், வகுப்பறை ஓதும் இடமாக மாறியதில் வியப்பில்லை. அந்த மானிய முறை எப்போதோ ஒழிந்தது. அது விட்டுச்சென்ற வழக்கம், ஆசிரியர் ஒரு வரி வாசிக்க வகுப்பு முழுதும் அதைத் திரும்பச் சொல்வது, இன்றும் நம் பக்கத்துப் பள்ளிகளில் தெருவரை கேட்கிறது.

இவ்விடத்தில், முஸ்லிம்கள் மார்க்கக் காரணத்தால் ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்கினார்கள் என்று எல்லோரும் கிளிப்பிள்ளைபோல் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 1882இன் ஹண்டர் கல்விக் குழு முஸ்லிம்களின் கல்வி நிலையைத் தனியே ஆராய்ந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கெல்லாம் அடித்தளம் வங்காளமும் வட இந்தியாவும். சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களின் மக்கள்தொகைப் பங்குக்கும் பள்ளிப் பங்குக்கும் இடையே அங்கிருந்த அளவு இடைவெளி இல்லை. திண்டுக்கல்லை எடுத்துக்கொண்டால், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னை வழியாக லண்டன் சந்தைக்குப் போயிற்று. 1875இல் இருப்புப்பாதை வந்தது. புகையிலையும் சுருட்டும் வெளியூர் ஏறின. தோல்மண்டிக்காரருக்கு ரயில்வே ரசீதும் தந்தியும் வங்கிக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வந்தன. அவர்கள் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. அதை வாசிக்க ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டார்கள். தமக்காகப் பிறர் வாசிப்பது என்னும் அந்த ஏற்பாடே பிற்காலத்தில் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்ததோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. இது நியாயமான மாற்றம். பிள்ளைகளுக்கு நன்மை செய்த மாற்றம். ஆனால் அதன் ஒரு பக்கவிளைவை அன்று யாரும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. அதுவரை மாணவன் சரித்திரமும் பூகோளமும் ஆங்கிலத்திலேயே படித்தான். விளங்கியோ விளங்காமலோ ஆண்டுக்குப் பல நூறு பக்கம் ஆங்கிலம் அவன் கண்வழியே கடந்து சென்றது. மாற்றத்திற்குப்பின் அவனுக்கு எஞ்சியது ஆங்கில ரீடர் ஒன்றும் அதனோடு ஒரு சிறு கதைப்புத்தகமும். வாசிக்கும் பக்கங்களின் அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கியபோது, வாசிக்கக் கற்பிக்கும் முறை பத்து மடங்கு கூர்மையாகியிருக்க வேண்டும். அது நிகழவில்லை.

அந்தக் கூர்மையான முறையை எண்ணிப் பார்த்த ஒருவர் இதே துணைக்கண்டத்தில், டாக்கா நகரில் இருந்தார். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் அங்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். வங்காளச் சிறுவர்களை வைத்து அவர் செய்த ஆய்வு 1926இல் இருமொழியம் பற்றிய நூலாக வெளிவந்தது. அவருடைய வாதத்தை நம் சொல்லில் கூறினால் இது: பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள். நடுவில் நிற்பவனுக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை நடுவில் முறித்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பைப்போல, கல்விக்கும் ஒரு சரண்டர் மதிப்பு உண்டு. அரைகுறைப் பேச்சுக்கு அம்மதிப்பு இல்லை. பேச ஆளில்லாத ஊரில் அது சில மாதங்களில் உலர்ந்துவிடும். அரைகுறை இலக்கணத்துக்கும் இல்லை. ஆனால் எளிய ஆங்கிலத்தில் எழுதியதைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ளும் ஆற்றல் எந்த நிலையில் நின்றாலும் பயன்படும். தனியே வளர்த்துக்கொள்ளவும் முடியும். ஆகவே வாசிப்பே முதலில் வரவேண்டும்.

இந்த உவமை நமக்கு மிகவும் பிடித்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தித் திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்கும், அத்தாவின் கடையில் உட்காரும் பையனுக்கும், வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுபவனுக்கும் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலத்தின் சரண்டர் மதிப்பு என்ன என்று கேட்டால், விடை சொல்லக் கூசுகிறது.

வெஸ்ட் குறை கண்டதோடு நிற்கவில்லை. அன்றைய ரீடர்களை ஆராய்ந்து, அவற்றில் புதுச் சொற்கள் மிக நெருக்கமாகக் கொட்டப்பட்டிருப்பதையும், அவற்றுட் பல மாணவன் மறுபடி எங்கும் காணாத அருஞ்சொற்களாக இருப்பதையும் எடுத்துக்காட்டினார். அருஞ்சொல்லை நீக்கி அடிக்கடி வரும் சொல்லை இடுவது, ஒரு புதுச்சொல்லுக்கும் அடுத்த புதுச்சொல்லுக்கும் இடையில் போதிய தூரம் விடுவது, அறிமுகமான சொல்லைத் திரும்பத் திரும்பக் கண்ணில் படச்செய்வது என்னும் முறையில் புதிய வாசக நூல் வரிசையையே எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இடம்பெற்றன.

அந்த 2,000 சொற்கள் தெரிந்தவனுக்குச் சாதாரண ஆங்கில உரைநடையில் நூற்றுக்கு எண்பது சொல் விளங்கும் என்கிறார்கள். கேட்பதற்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் 60 சொல் இருட்டாக இருக்கும் என்பதே அதன் பொருள். பிறர் துணையின்றிச் சரளமாக வாசிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர் கண்ட முடிவு. அதாவது அதே பக்கத்தில் ஆறு சொல்லுக்குமேல் தெரியாதிருக்கக் கூடாது. அறுபதுக்கும் ஆறுக்கும் இடையில் உள்ள இப்பள்ளத்தை எளிய நூல்களை ஏராளமாக வாசித்தே கடக்க முடியும். கடினமான நூல் ஒன்றை ஆண்டு முழுவதும் மென்றுகொண்டிருந்தால் கடக்க முடியாது.

பாடத்திட்டத்தில் இதற்கென்றே ஓர் இடம் வைக்கப்பட்டிருந்தது. அதுதான் மாணவர் வழக்கில் 'நான்-டீடெயில்' எனப்படும் துணைப்பாடம். 'டீடெயில்' பாடத்தைச் சொல் சொல்லாக நுணுகிப் படிப்பது, நான்-டீடெயிலை விரைந்து, சுவைக்காக, தானே வாசித்துக்கொண்டு போவது என்பது அதன் உள்ளக்கருத்து. வெஸ்ட் போன்றோர் எழுதிய எளிய துணைநூல்கள் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. பெயரே சொல்கிறதல்லவா, நுணுக்கம் வேண்டாம் என்று! ஆனால் தேர்வில் அதற்கும் மதிப்பெண் வைத்தார்கள். மதிப்பெண் வைத்ததும் வினா வந்தது. வினா வந்ததும் விடை வந்தது. விடை வந்ததும் கைடு வந்தது. கதையை ஒரு பக்கப் பத்தியாகச் சுருக்கிக் கைடு அச்சிட்டது. மாணவன் அதை மனனம் செய்தான். கதை இருந்த புத்தகம் விரிபடாமலே பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. தானே வாசிக்கப் பழகுவதற்கென்று ஏற்பட்ட ஒரே இடம், வாசிக்காமலே தேறும் இடமாக மாறியது. ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை நாம் அறியோம்.

விடுதலைக்குப்பின் முயற்சிகள் இல்லாமலில்லை. 1950களில் சென்னை அரசு வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 1958இல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. அதையொட்டிச் சென்னை மாநிலத்தில், ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியருக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்கும், அப்பலர் மேலும் பலருக்கும் தருவது என்ற ஏற்பாடு. உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று அதற்குச் செல்லப்பெயர். பனியையே காணாத திண்டுக்கல் சமவெளியில் அது உருண்டு வந்தபோது எவ்வளவு கரைந்து எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த முறையில் வாய்ப்பயிற்சிக்கே முதலிடம். 'இது ஒரு புத்தகம், அது ஒரு பேனா' என்று வகுப்பு சேர்ந்து சொல்லும். வாசிப்பு பின்னால் வரும் என்று ஒத்திவைக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் காலத்து ஓதல் புதிய சட்டை அணிந்து திரும்பிவந்தது என்று சொன்னால் அது முற்றிலும் நியாயமாகாது. ஆயினும் முற்றிலும் பொய்யுமன்று.

இதற்கிடையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வியில் ஆங்கிலத்தின் இடத்தை 'நூலக மொழி' என்று வரையறுத்தது. 1968 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஒன்று ஆங்கிலத்தை நூலகத்தின் சாவி என்றது. மற்றொன்று தமிழுக்குத் துணையாக அந்தச் சாவி போதும் என்றது. கொள்கை இரண்டும் வாசிப்பையே வேண்டி நின்றன. வகுப்பறைதான் வாசிப்பைத் தரவில்லை.

1979 முதல் 1984 வரை நடந்த ஒரு முயற்சியைச் சற்று விரித்துச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த என்.எஸ்.பிரபு, பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு புதிய முறையைச் சோதித்தார். உலகம் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறியும். 1987இல் அவரே அதை நூலாக எழுதினார். வகுப்பில் இலக்கணமும் இல்லை, சேர்ந்து சொல்லுதலும் இல்லை. ஒரு ரயில்வே கால அட்டவணை, ஓர் ஊர் வரைபடம், ஒரு நாட்காட்டி, ஒரு விலைப்பட்டியல். 'காலை இந்த வண்டியைத் தவறவிட்டவர் மாலைக்குள் அந்த ஊரை அடைய முடியுமா?' என்பதுபோல் ஒரு கணக்கு. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அத்தகைய ஒரு கணக்கை வினாவும் விடையுமாக விடுவிப்பார். பிறகு அதேபோன்ற மற்றொன்றை ஒவ்வொரு மாணவனும் தனியே விடுவிக்க வேண்டும். விடை சரியா தவறா என்பதே சோதனை. கவனம் முழுதும் பொருளில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் துணிபு. அதனை மதிப்பிட வந்த அறிஞர்கள் அளந்தே பாராட்டினார்கள். திட்டம் முடிந்தபின் பள்ளிகள் பழைய வழிக்குத் திரும்பின.

நம் கண்ணில் பட்டது வேறொன்று. பிரபுவின் மாணவனால் அந்த அட்டவணையை ஓத முடியாது, ஓதிப் பயனில்லை. விளங்காதவன் விடை சொல்லவே முடியாது. இது ஜபர், ஜேர் இல்லாத கிதாபின் நிலையேயல்லவா!

1978இல் மேல்நிலைக் கல்வி தமிழகத்தில் தொடங்கிற்று. கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு பள்ளிக்குள் பிளஸ் டூவாக வந்து சேர்ந்தது. ஆங்கிலம் இரண்டு தாள்கள். முதல் தாளில் உரைநடையும் செய்யுளும் இலக்கணமும். இரண்டாம் தாளில் நான்-டீடெயிலும் இன்னபிறவும். முன்பின் காணாத ஒரு பத்தியைத் தந்து வினா கேட்கும் பகுதியும் இருந்தது. ஆயினும் மதிப்பெண்ணின் பெரும்பங்கு கண்ட பகுதிகளுக்கே. 2018–19 முதல் இரு தாளும் ஒன்றாயின. 2018இல் பதினோராம் வகுப்புக்கும் 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. தாளும் அச்சும் படமும் முன்னைவிட எவ்வளவோ மேல். துணைப்பாடம் இன்றும் உண்டு. அதற்குக் கைடும் உண்டு.

இதைக் குறைகூற நமக்குப் பெரிய தகுதியில்லை. 1980களின் பிற்பகுதியில், மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோதே, நாமும் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினோம். இரண்டாம் தாளுக்குரிய கதைப்புத்தகத்தை நாம் வாங்கவேயில்லை. பழைய கைடு ஒன்றை இரவல் பெற்று ஐந்து பத்திகளை உருப்போட்டோம். அவற்றுள் இரண்டு வந்தன, தேறிவிட்டோம். அக்கதைகளில் ஒன்றில் இறப்பது கிழவனா, அவன் மகனா என்பது நமக்கு இன்றும் தெரியாது.

பின்னர் அரபு எம்.ஏ. அஞ்சல்வழியில் படிக்கச் சேர்ந்தபோதுதான் உண்மை முகத்தில் அறைந்தது. நிக்கல்சன் 1907இல் எழுதிய அரபு இலக்கிய வரலாற்றைப் படித்தாக வேண்டும். கைடு கிடையாது, நடத்த ஆளில்லை. முதல் மாலையில் அகராதியோடு உட்கார்ந்து அரைப்பக்கம் நகர்ந்தோம். இஷா தொழுகைக்கு எழுந்தபோது, அகராதியில் பார்த்த சொற்களே நினைவிலிருந்தன. அந்த அரைப்பக்கம் என்ன சொல்லிற்று என்பது நினைவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நம் உஸ்தாத் கிதாபுக்குப் பழக்கிய முறையையே இதற்கும் வைத்துப் பார்க்கத் தோன்றியது. மத்ரஸாவில் ஓதியோர் முதாலஆ என்றால் அறிவார்கள். நாளைய பாடத்தை இன்றிரவே மாணவன் தானே பார்த்துவைக்க வேண்டும். வினை எது, அதைச் செய்தவர் யார், சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது, இந்த வாக்கியம் முந்தைய வாக்கியத்துக்கு விடையா மறுப்பா என்று துருவ வேண்டும். தெரியாத சொல்லைக் கண்டதும் அகராதிக்கு ஓடக்கூடாது. வாக்கியத்தின் கடைசிவரை போய், அது என்னவாக இருக்கலாம் என்று முதலில் ஊகிக்க வேண்டும். மறுநாள் உஸ்தாதின் முன் இபாரத்தை வாசிக்கும்போது, ஊகம் தவறியிருந்தால் அவர் 'ஊம்' என்று மட்டும் சொல்வார். நாமே திருத்திக்கொள்ள வேண்டும். பாடம் முடிந்தபின் தோழர் கூடித் தக்ரார். அதாவது, ஒருவர் விளங்கியதை மற்றவருக்குத் தம் சொல்லில் சொல்லுதல். முல்லா நிஸாமுத்தீன் 18ஆம் நூற்றாண்டில் லக்னோவில் வகுத்த பாடமுறையின் வழிவந்த மத்ரஸாக்களில் எல்லாம் இவ்வழக்கம் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இன்று மேல்நாட்டார் வாசிப்புத் திறன் என்று பிரித்துப் பிரித்து எழுதுபவற்றுட் பல, முன்னோக்கி ஊகித்தல், தொடர்பு காணல், விளங்கியதைத் தன் சொல்லில் கூறல் யாவும், நம் திண்ணையில் பெயரின்றிக் கிடந்தவையே.

நிக்கல்சனுக்கு இம்முறை பலித்தது. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை மறைத்தால் நேர்மையாகாது. முதனப்பீ யார், முஅல்லகாத் எவை என்பது நமக்கு அரபு வழியே முன்னமே தெரியும். தெரிந்த செய்தியைத் தெரியாத மொழியில் வாசிப்பது, தெரியாத செய்தியைத் தெரியாத மொழியில் வாசிப்பதைவிட எத்தனையோ மடங்கு எளிது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு எங்கோ பனிமலை நாட்டுக் கதையைக் கொடுத்தால் இரு பாரமும் ஒருசேர ஏறுகிறது. அந்நியக் கதையே வேண்டாம் என்பதல்ல. முதலிற் கொடுக்கத்தக்கது அதுவன்று என்பதே நம் கருத்து.

மத்ரஸா முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது ஆழம் தருவது, அளவு தராது. ஆண்டுக்கு ஒரு கிதாபை முடிப்பதே சில இடங்களில் பெரும்பாடு. அளவுக்கு வழிகாட்டுவது பிஜித் தீவு. எல்லி, மங்குபாய் என்னும் இருவர் அங்குள்ள கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 படக்கதை நூல்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1983இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்த வகுப்புகளின் வாசிப்புத் திறன் மற்ற வகுப்புகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு நம் நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகள்தாம் அவர்களும்.

மூன்றாண்டுகளாக ஞாயிறுதோறும் அஸருக்குப்பின் நம் கல்லூரியின் குதுப்கானாவில், அரபு மாணவர்களோடு பக்கத்துத் தெருப் பிளஸ் டூ மாணவர் சிலரையும் உட்காரவைத்து வாசித்து வருகிறோம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம். ஆலிமா ஒருவர் நடத்துகிறார். முதல் அரைமணி முதாலஆ. ஒரே பக்கம், உரக்க வாசிக்கத் தடை. அடுத்த ஒரு மணி எளிய புத்தகங்கள், அவரவர் விருப்பம்போல். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் மடித்த தாள், மின்வாரிய அறிவிப்பு, ரயில் அட்டவணை ஆகியவையும் பாடமாக வருவதுண்டு. வாராவாரம் பத்துப்பேர் வந்தால் தேர்வு மாதத்தில் மூவர் வருவர். பெற்றோர் சிலர், "இதுல பாடத்துக்கு என்ன ஹஸ்ரத் கெடைக்கும்?" என்று கேட்கிறார்கள். முறையான கேள்விதான். பாடத்துக்கு உடனே ஒன்றும் கிடைப்பதில்லை. முதல் பருவத்தில் ஒரு பையனுக்கு மதிப்பெண் குறையவே செய்தது. கைடுப் பத்தியை விட்டுவிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதிவந்தானாம்.

உதவித்தொகை அறிவிப்போடு வந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். அன்று அந்தத் தாளை அவருக்கு நாம் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. மேசையின் எதிர்ப்புறம் உட்காரச் சொல்லி, எந்தச் சொல் தெரியும், எந்த எண் எதைக் குறிக்கும், கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் அத்தா பொறுமையிழந்து இருமுறை வெளியே போய்வந்தார். குடும்ப வருமான வரம்பு பற்றிய வாக்கியத்தை அவரே கண்டுபிடித்தார். அதில் 'மிகாமல்' என்னும் பொருள்தரும் சொல்லை முதலில் தலைகீழாக விளங்கி, மறு வரியைப் பார்த்துத் தாமே திருத்திக்கொண்டார். மறுநாள் விண்ணப்பம் போயிற்று. வருமானச் சான்றிதழ் நாள் கடந்து வந்ததால் உதவித்தொகை அவ்வாண்டு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தபோது அவர் நம்மிடம் வரவில்லை. விண்ணப்பித்துவிட்டதாக அவர் அத்தா தெருவில் பார்த்துச் சொன்னார்.